மூக்கம்மாளின் பாய்ப்படகு வகுப்பு

என் மூக்குக்கண்ணாடி ஒன்று ஆனையிறங்கல் அணைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. 1973 ஜூலையில் போனது. நான் மறந்தாலும் எங்கள் எஸ்டேட்காரர்கள் மறக்க விடுவதில்லை. எங்கே பார்த்தாலும், "என்ன சார், கண்ணாடி கெடச்சுதா?" என்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். அந்தக் கண்ணாடி போன நாளில் தொடங்கினால்தான் மூக்கம்மாளைப் பற்றி ஒழுங்காகச் சொல்ல முடியும்.

நான் அப்போது எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியார். போடிமெட்டிலிருந்து இறங்கி, பூப்பாறை தாண்டி வந்தால் எங்கள் தேயிலை எஸ்டேட். அணைத் தண்ணீர் நடுவில் புகுந்து அதை இரண்டாகப் பிரித்திருந்தது. இக்கரையில் ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, ஆபீஸ், பள்ளிக்கூடம். அக்கரையில் கீழ் டிவிஷன், தொண்ணூறு குடும்பங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கிளைப் பள்ளிக்கூடம். தண்ணீர் வழியாகப் போனால் கால் மணி நேரம். ரோடு வழியாகச் சுற்றினால் ஒன்பது மைல். மழைக்காலத்தில் அந்த ரோடும் பாதி சரிந்து கீழே போய்விடும். அப்போது நோயாளியைக் கம்பளியில் தூளி கட்டி, நாலு பேர் தோள் மாற்றி மாற்றித் தூக்கி வருவார்கள். வந்து சேர்வதற்குள் காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் விட்டுவிடும், தூக்கி வந்தவர்களுக்குப் பிடித்துக்கொள்ளும். அதனால் எஸ்டேட்டில் ஒரு தெப்பம் செய்து விட்டிருந்தார்கள். ஆறு எண்ணெய்ப் பீப்பாய், மேலே பலகை, இரண்டு துடுப்பு. அவ்வளவுதான் அது.

தெப்பம் மூக்கம்மாளின் பொறுப்பு. அவர் ஆஸ்பத்திரி ஆயா. நாற்பது வயது, நல்ல ஆகிருதி, குரல் இரண்டு மேடு தாண்டிக் கேட்கும். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் பிறந்து வாய்க்காலில் நீந்தி வளர்ந்தவர். ஃபேக்டரியில் அடுப்பு எரிக்கும் மொக்கையனுக்கு வாழ்க்கைப்பட்டு மலையேறி வந்தார். பதினைந்து வருஷம் கொழுந்து பறித்த பிறகு ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. எஸ்டேட் பெண்களில் நீச்சல் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் தெப்பத்தையும் அவர் தலையிலேயே கட்டினார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதற்கும் 'ஏன்' என்று கேட்பார். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயில் ஏறிய பாதரசம் உதறினால்தான் இறங்குகிறது, தானாக ஏன் இறங்கவில்லை என்று ஒரு நாள் டாக்டரைக் கேட்டிருக்கிறார். குழாய்க்குள் ஓரிடத்தில் இடுக்கு இருக்கிறது, அதில் பாதரசம் மாட்டிக்கொள்கிறது என்று டாக்டர் விளக்கினார். அன்று சாயங்காலமே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாகப் போய் அந்த இடுக்கைப் பற்றி அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். மொக்கையன் என்னிடம் வந்து, "சார், எனக்குப் பாதரசமும் வேணாம் இடுக்கும் வேணாம், ராத்திரி சோறு போடச் சொல்லுங்க" என்று முறையிட்டார்.

இனி அந்த ஜூலை மாதம். அக்கரைப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடித்து, விடைத்தாள் கட்டோடு தெப்பத்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். மூக்கம்மாளையும் சேர்த்து ஏழு பேர். இக்கரையை நெருங்கும்போது காற்று ஏறியது. அலை வந்து தட்டி, தெப்பம் ஒரு பக்கம் லேசாகச் சரிந்தது. அடுத்த நொடி எல்லோரும் தண்ணீரில் கிடந்தோம். நல்லவேளை, மார்பளவு ஆழம்தான். கண்ணாடி போனது, விடைத்தாள் போனது, செருப்பில் ஒன்று போனது. விடைத்தாள் போனதில் பிள்ளைகள் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கரையேறியதும் எல்லோரும் மூக்கம்மாளைத் திட்டினோம். அதிகம் திட்டியது நான்தான் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

தண்ணீருக்குள் முனி இருக்கிறது, காவு கேட்கிறது என்றார்கள். கிடா வெட்டினார்கள். மூக்கம்மாளும் வந்து கறி சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "சரி, முனி இருக்கட்டும். தெப்பம் ஏன் கவுந்துச்சு?" என்று மறுபடி ஆரம்பித்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதற்குள் இரண்டாவது விபத்து நடந்துவிட்டது. அது விளையாட்டாகப் பேசக்கூடியது அல்ல. அதே வருஷம் நவம்பரில், அக்கரையில் கொழுந்து பறிக்கும் சாந்தம்மாள் ஐந்து மாதக் கைக்குழந்தை பூமாரியோடு தெப்பத்தில் ஏறினாள். பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், மழைச்சாரல் வேறு. பிள்ளை நனையக் கூடாது என்று மூக்கம்மாள் நாலு மூங்கிலை நட்டு, காற்று வரும் பக்கமாகப் படுதாவை இழுத்து, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டுக் கட்டினார். எங்கள் மேட்டில் எதையும் அப்படித்தான் கட்டுவோம். போடிமெட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்றுக்குக் கூரைத் தகரம் பறந்துவிடும். கம்பியால் கட்டி, கம்பி நுனியில் கல்லையும் தொங்கவிட்டிருப்போம்.

நடுத்தண்ணீரில் காற்று அந்தப் படுதாவில் அறைந்தது. முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. படுதாவோடு சேர்ந்து தெப்பமே புரண்டது. மூக்கம்மாள் முங்கிப் பிள்ளையைப் பிடித்துத் தூக்கினார். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் சாந்தம்மாளின் கூந்தல், அப்படியே பீப்பாயில் கொண்டுவந்து சேர்த்தார். பிள்ளை பிழைத்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஈரத்தோடு நின்று சாந்தம்மாள் சொன்னாள்:

"மதினி, எம்பிள்ளைய நீங்கதான் தூக்குனீக, இல்லைங்கல. ஆனா தண்ணியில போட்டதும் நீங்கதான். இனி செத்தாலும் நீங்க தள்ளுற பலகையில ஏற மாட்டேன். ஒங்க மொகத்துலயும் முழிக்க மாட்டேன்."

எஸ்டேட் மேனேஜர் துரை மறுநாளே தெப்பத்தைப் பிரிக்கச் சொல்லிவிட்டார். பீப்பாய்கள் ஃபேக்டரிக்கே திரும்பிப் போயின. கீழ் டிவிஷன்காரர்கள் மறுபடி ஒன்பது மைல் தூளி கட்டித் தூக்கினார்கள். மூக்கம்மாளுக்கு வார்டு பெருக்கும் வேலை மிஞ்சியது. அவருடைய சத்தம் குறைந்துபோனதை அந்த மாதங்களில் நான் கவனித்தேன். தெப்ப வேலை போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. அக்கரையிலிருந்து யாரையாவது தூளியில் கொண்டுவரும்போது உள்ளே போய் ஒளிந்துகொள்வார். தூக்கி வந்தவர்களுக்கு எதிரில் நிற்க முடியவில்லை என்று மொக்கையனிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

ஒரு வருஷம் கழித்து, 1974 டிசம்பரில், அணையில் ஒரு வேடிக்கை தொடங்கியது. ஃபேக்டரி மெக்கானிக் மிக்கேல்ராஜ், துரைமார் கிளப்புக்காக ஒரு பாய்ப்படகு செய்து தண்ணீரில் இறக்கினான். தூத்துக்குடிப் பையன், முப்பத்தொரு வயது, கப்பற்படையில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். ஒட்டுப்பலகையில் செய்த ஒல்லியான இரண்டு ஓடங்கள், இரண்டையும் இணைத்து நடுவில் இறுக்கிக் கட்டிய கித்தான், பாய்மரத்துக்குத் தோட்டத்தில் தண்ணீர் தெளிக்கும் அலுமினியக் குழாய். இதைத் துரைமார் 'கட்டமரான்' என்றார்கள். எங்கள் ஊர்க் கட்டுமரத்தின் பெயரைத்தான் வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போய் இதற்கு வைத்துவிட்டான் என்று மிக்கேல்ராஜ் சொல்லிச் சிரிப்பான். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. உதவி மேனேஜர்களான சின்னத்துரைமார் இரண்டு பேர், ஃபேக்டரி டீமேக்கர், டாக்டர் வீட்டு சரஸ்வதியம்மாள், ஆக நாலு மாணவர்கள். அதைப் பார்க்கக் கரையில் நாற்பது பேர்.

அந்த நாற்பதில் மூக்கம்மாளும் ஒருவர். மற்றவர்கள் துரை எப்போது தண்ணீரில் விழுவார் என்று காத்திருந்தார்கள். இவர் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஞாயிறு அப்படி உட்கார்ந்திருந்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"சார், அதே காத்து, அதே தண்ணி. நான் கட்டுன படுதா தெப்பத்தக் கவுத்துச்சு. இவுக கட்டுன படுதா வள்ளத்த ஓட்டுது. அது ஏன்?"

"அது வேற, இது வேற" என்றேன். எனக்கும் தெரியாது என்று சொல்ல வாத்தியாருக்கு வாய் வருமா?

நாலாவது ஞாயிறு பாயின் அடிக்கட்டை திரும்பி சரஸ்வதியம்மாளின் நெற்றியில் ஒரு போடு போட்டது. "எனக்கு இந்தச் சீமை விளையாட்டே வேண்டாம்" என்று அவர் இறங்கிவிட்டார். மூக்கம்மாள் ஐஸ் ஒத்தடம் கொடுக்கப் போனார். போன இடத்தில் பேச்சுவாக்கில், "அம்மா, ஒங்க எடம் சும்மாத்தான கெடக்கு, நான் போகட்டா?" என்று கேட்டிருக்கிறார். சரஸ்வதியம்மாள் நெற்றி வலியோடு சிரித்துவிட்டு டாக்டரிடம் சொல்ல, டாக்டர் துரையிடம் சொல்ல, துரை தோளைக் குலுக்கிவிட்டு விட்டுவிட்டார். எஸ்டேட் ஆயா ஒருத்தி கிளப் வகுப்பில் சேர்ந்தது இப்படித்தான். என் காதில் விழுந்ததும் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு தடவை கவிழ்த்தது போதாதா என்று நினைத்தேன்.

முதல் வகுப்புக்குச் சேலையை இழுத்துச் செருகி, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்கையும் சுற்றிக்கொண்டு வந்தார். எஸ்டேட் தையல்காரர் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்த மிதவைச் சட்டை அவருக்குப் பொத்தான் போட வரவில்லை, கயிற்றால் கட்டினார்கள். மிக்கேல்ராஜ் பின்னால் சுக்கானைப் பிடித்தான். பாயை இழுக்கும் கயிற்றை மூக்கம்மாள் கையில் கொடுத்தான். படகு ஓட ஆரம்பித்தது. கரையில் கைதட்டல்.

காற்று கொஞ்சம் வலுத்தது. மூக்கம்மாள் சட்டென்று கயிற்றைக் குறுக்குக் கட்டையில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டார். ஒரு பக்கத்து ஓடம் தண்ணீரைவிட்டு மேலே எழும்பியது.

"அக்கா, விடுங்க! கயித்த விடுங்க!"

"விட்டாப் பறந்துரும் தம்பி!" என்று கத்தியபடி இவர் முடிச்சின் மேல் கையை வைத்து இன்னும் இறுக்கினார். படகு படுத்துவிட்டது. கரையில் நாற்பது பேரும் சிரித்த சிரிப்பு ஃபேக்டரி வரைக்கும் கேட்டிருக்கும். நானும் சிரித்தேன்.

தலை வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் விடச் சொன்னீக?" என்பதுதான். கவிழ்ந்த ஓடத்தைப் பிடித்துத் தொங்கியபடியே மிக்கேல்ராஜ் விளக்கியிருக்கிறான். காற்று பாயில் நிறைந்தால் படகு ஓடும். அளவுக்கு மேல் நிறைந்தால் கவிழும். கயிற்றை விட்டால் பாய் கொடி மாதிரி ஆடும், காற்று தன்பாட்டுக்குப் போய்விடும், படகு நிமிர்ந்துகொள்ளும். அதனால் கயிறு எப்போதும் கையில்தான் இருக்க வேண்டும், கட்டவே கூடாது. எட்டு வருஷக் கப்பற்படையில் கட்டியவர்களை எல்லாம் தண்ணீரில் இருந்துதான் பொறுக்கினோம் என்றானாம். மூக்கம்மாள் தண்ணீரிலேயே மிதந்துகொண்டு, தான் போட்ட முடிச்சைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப அந்தப் பிள்ளைய நான் கட்டுன முடிச்சுதான் தண்ணியில தள்ளியிருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு ஞாயிறுகூட விடவில்லை. ஜனவரியில் இன்னொரு புதிர் முளைத்தது. படகு அக்கரை நோக்கிப் போகும்போது அழகாக உட்காருகிறார். திரும்பி வரும்போது தடுமாறுகிறார். எழும்புகிற பக்கம் போய் உட்கார வேண்டும் என்று மிக்கேல்ராஜ் நூறு தடவை சொல்லிவிட்டான். திரும்பி வரும்போது மட்டும் அவர் உடம்பு தாழ்கிற பக்கமே போகிறது. "ஏங்க்கா இப்படி?" என்று இந்தத் தடவை அவன் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கண்ணில் ஒரு பளபளப்பு.

"சார், ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லணும். அன்னைக்குத் தெப்பம் சரிஞ்சப்ப நீங்க எந்தப் பக்கம் சாஞ்சீக?"

"நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றேன்.

"மத்த அஞ்சு பேரையும் கேட்டுட்டு வந்துட்டேன். அஞ்சு பேரும் மலைப்பக்கம் சாஞ்சிருக்காக. நானும் அப்படித்தான். தேயிலைச் சரிவுல கால் வழுக்குனா என்ன செய்வோம்? மலையப் பாத்துச் சாஞ்சு குத்தவைப்போம். கூடை கனம் இழுத்தாலும் மலைப்பக்கந்தான் விழுவோம், பள்ளத்துல விழுக மாட்டோம். தண்ணியில மலை எங்க இருக்கு? ஆனா ஒடம்பு தேடுதே. வள்ளத்துல போறப்ப மலை முதுகுக்குப் பின்னால இருக்கு, இந்தக் கரையப் பாத்து வாரப்பல்லாம் நான் மலையப் பாத்துச் சாய்றேன். அன்னைக்குத் தெப்பம் சரிஞ்சதும் மலைப்பக்கந்தான், ஏழு பேரும் அதே பக்கம் ஒண்ணாச் சாஞ்சா, ஆறு பீப்பா தாங்குமா?"

எனக்கு வேர்த்துவிட்டது. தெப்பம் சரிந்ததும், "மலைப்பக்கம் சாயுங்க!" என்று கத்தியதே நான்தான். வாத்தியார் சொன்னதால் எல்லோரும் கேட்டார்கள். இந்த ஒன்றரை வருஷமும் அது என் தொண்டைக்குள்ளேயே கிடந்தது. அந்தம்மாளைத் திட்டியதும் அதை மறைக்கத்தானோ என்னவோ. அன்று சொல்லிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அவர் கோபப்படவே இல்லை. "அதான பாத்தேன், எல்லாரும் ஒரே நேரத்துல எப்படிச் சாஞ்சாகன்னு ஒண்ணு மட்டும் பிடிபடல. இப்பச் சரியாப் போச்சு" என்று சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார்.

இரண்டு காரணங்களும் கையில் இருக்க, மிக்கேல்ராஜையும் கூட்டிக்கொண்டு துரையைப் போய்ப் பார்த்தார். நானும் போனேன், என் குற்றத்தைச் சொல்ல. துரை சுருட்டை அணைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், வார நாட்களில் படகை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. மழைக்காலம் முடிகிற வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் கீழ் டிவிஷன்காரர்கள் தாங்களாக ஏறினால் சரி, இல்லாவிட்டால் படகு கிளப்புக்கு, நீ வார்டுக்கு, யாரையும் நான் கட்டாயப்படுத்த மாட்டேன் என்றார்.

யாரும் ஏறவில்லை. ஏப்ரல் போனது, மே போனது. மூக்கம்மாள் தினம் மருந்துப் பெட்டியோடு தனியாகப் போய்த் தனியாக வந்தார். இப்போது மிக்கேல்ராஜ்கூட இல்லை, சுக்கான் ஒரு கையில், கயிறு மறு கையில். அக்கரையில் பெண்கள் நின்று பார்ப்பார்கள், பேசுவார்கள். "வாறீகளா?" என்றால், "சாந்தம்மா ஏறட்டும், நாங்க ஏறுதோம்" என்பார்கள். சாந்தம்மாள் தண்ணீர்ப் பக்கமே வருவதில்லை. நான் ஒரு சனிக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிப் போனேன். பத்திரமாகக் கொண்டுபோய் விட்டார். ஆனால் வாத்தியார் ஏறியதை யாரும் ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்ளவில்லை. போன வாரம் ஏறிய வாத்தியாருக்கு இந்த வாரம் ஏற நெஞ்சுரம் இல்லை என்பதும் உண்மைதான்.

1975 ஆகஸ்ட். ஐந்து நாள் அடைமழையில் ரோடு மூன்று இடத்தில் போய்விட்டது. சாந்தம்மாளுக்குக் காலில் மூங்கில் சிம்பு ஏறிப் பழுத்து, முழங்கால் வரைக்கும் வீங்கிவிட்டது. தூளி கட்டினாலும் கொண்டுபோக வழியில்லை. புருஷன் பிச்சைமணி அவளைத் தூக்கிவந்து படகில் உட்காரவைத்தான். பிள்ளை பூமாரிக்கு இரண்டு வயது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அலறியதால் அதையும் மடியில் வைத்தார்கள். மூன்று பேருக்கு மேல் படகு தாங்காது, பிச்சைமணி கரையில் நின்றுவிட்டான். சாந்தம்மாள் போகிற வழி முழுக்கக் கண்ணை இறுக மூடியிருந்தாளாம். நடுவில் இரண்டு தடவை பெருங்காற்று அடித்தது. இரண்டு தடவையும் மூக்கம்மாள் கயிற்றை விட்டார். பாய் படபடவென்று ஆடி அடங்கியது. கால் மணி நேரத்தில் வரவேண்டியவர்கள் அரை மணி நேரத்தில் வந்தார்கள், ஆனால் வந்துவிட்டார்கள்.

அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு. நான் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். டாக்டர் காலைக் கீறிச் சீழ் எடுத்தார். நாலு நாள் படுக்கையில் இருக்க வேண்டும் என்றார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். வார்டில் அப்போது ஐந்து குழந்தைகளுக்கு மணல்வாரி அம்மை. "இந்தக் குழந்தை இங்கே ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது. அக்கரைக்கே திருப்பி அனுப்புங்கள்" என்றார்.

அனுப்புவது என்றால் எப்படி? ரோடு இல்லை. அம்மா கூடப் போக முடியாது. இக்கரை லயத்திலும் வீட்டுக்கு வீடு அம்மை. சரஸ்வதியம்மாள், "நான் என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன்" என்றார். சாந்தம்மாள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்றுதான் நினைத்தேன். மூக்கம்மாள் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார், உள்ளே வரத் தைரியம் இல்லாமல்.

"மதினியக் கூப்பிடுங்க" என்றாள் சாந்தம்மாள்.

மூக்கம்மாள் உள்ளே வந்தார். சாந்தம்மாள் கழுத்தைக் கட்டியிருந்த பிள்ளையின் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அது அலறியது. அலறலோடு அப்படியே தூக்கி மூக்கம்மாளின் கையில் கொடுத்தாள்.

"அவுக அப்பன் கரையில நிப்பாரு. கொண்டுபோயிக் குடுத்துருங்க மதினி. பசிச்சா அழுவா, பொரி வாங்கிக் குடுங்க."

மூக்கம்மாளுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. துடைக்கக் கை இல்லை. சின்ன மிதவைச் சட்டை எஸ்டேட்டில் கிடையாது. தையல்காரர் ஒரு தலையணையைக் கிழித்து அரை மணி நேரத்தில் ஒன்று தைத்துக் கொடுத்தார். மிக்கேல்ராஜ் ஃபேக்டரியிலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்து முன்னால் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். சாந்தம்மாள் கட்டிலை ஜன்னலோரம் தள்ளச் சொன்னாள். இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. அக்கரையில் பிச்சைமணி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை மூக்கம்மாள் மருந்துப் பெட்டியோடு அக்கரை சேர்ந்தபோது, தண்ணீரோரத்தில் பதினொரு பேர் மூட்டை முடிச்சோடு காத்திருந்தார்கள். அத்தனை பேரையும் வரிசையில் நிற்கவைக்க அவர் போட்ட சத்தம் இக்கரையில் என் வகுப்பு வரைக்கும் கேட்டது.